ஸ்காட்லாந்துப் பண்ணைப் பெயர்: ராய் வரைபடமா, நேம் புக்கா, வரிமதிப்புப் பட்டியலா?

ஸ்காட்லாந்து முன்னோரைத் தேடும்போது பாரிஷ் (தேவாலய வட்டாரம்) பதிவேட்டில் அவர்கள் இருந்த பண்ணையின் பெயர் இருக்கும். இன்றைய வரைபடத்தில் தேடினால் அகப்படாது. எந்த ஆவணத்தை முதலில் திறப்பது என்பதைப் பதிவின் ஆண்டுதான் சொல்லும்.

19-ஆம் நூற்றாண்டுப் பதிவு என்றால் முதலில் நேம் புக். மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவிலான வரைபடத்துக்காக, ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவைத் துறையினர் எழுதிய குறிப்பேடு இது. விக்டவுன்ஷயருக்கு 1845–49, அபர்டீன்ஷயருக்கு 1865–71. வழக்கிலிருந்த எழுத்துக்கூட்டல்கள், அவற்றுக்குச் சாட்சி சொன்னவர்கள், இடம், கட்டட வர்ணனை எல்லாம் பத்தி பத்தியாக இருக்கும். ஸ்காட்லாண்ட்ஸ்பிளேசஸ் தளம் இவற்றை இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. ஆனால் சாட்சிகள் பெரும்பாலும் நிலவுடைமையாளர், பாதிரியார், பள்ளி ஆசிரியர். கூலியாள் வாயில் வழங்கிய உச்சரிப்பு அதில் ஏறியிருக்கும் என்று நம்ப வேண்டாம். அதற்கு முன்பே பக்கத்துப் பண்ணையோடு இணைந்துவிட்ட பண்ணையும் கிடைக்காது.

1750-ஐ ஒட்டிய பெயருக்கு ராய் வரைபடம் (வில்லியம் ராயின் ராணுவ அளவை, 1747–55). வேளாண் சீர்திருத்தம் ஃபெர்ம்டவுன் என்ற கூட்டுக் குடியிருப்புகளைக் கலைப்பதற்கு முந்தைய படம். அதன் அருமையே அதுதான். அளவு: அங்குலத்துக்கு 1000 கஜம். மலைப்பகுதி மக்களின் கேலிக் மொழி தெரியாதவர்கள் காதில் விழுந்ததை எழுதியதால் எழுத்துக்கூட்டல் கந்தரகோலம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்தில் ஆறு அங்குல வரைபடத்தின் மேல் இதை வைத்து, மேலடுக்கின் அடர்த்தியைக் குறைத்துப் பாருங்கள். தூரத்தை நம்பாதீர்கள், ஓடைகள் கூடுமிடம், தேவாலயம், ஆலை இவற்றை வைத்துப் பொருத்துங்கள். தீவுகள் இதில் இல்லை. லூயிஸ், ஸ்கை முன்னோர் என்றால் பயனில்லை.

வரிமதிப்புப் பட்டியல் (வேல்யுவேஷன் ரோல், வரிக்காகச் சொத்துகளை மதிப்பிட்ட ஏடு) இடத்தைக் காட்டாது, ஆளைக் காட்டும். 1855 முதல் ஆண்டுதோறும் உரிமையாளர், குத்தகைதாரர், குடியிருப்பவர் என்று வரும். ஆண்டு வாடகை 4 பவுண்டுக்குக் கீழ் என்றால் குடியிருப்பவர் பெயரை எழுதக் கட்டாயமில்லை. பண்ணையாட்கள் பலர் விடுபட்டது அதனால்தான்.

எதைத் திறந்தாலும் பெயரின் அமைப்பைப் பாருங்கள். ஓவர், நெதர், ஈஸ்டர், வெஸ்டர் என்ற அடைமொழிகள் ஒரே பண்ணை பிரிந்ததைச் சொல்லும் (ஓவர் மேல்பகுதி, நெதர் கீழ்ப்பகுதி). மெயின்ஸ் நிலவுடைமையாளரின் சொந்தப் பண்ணை, மில்டன் ஆலையடி. வெறும் ‘மில்டன்’ என்றால் பாரிஷை முடிவு செய்யாமல் தேடாதீர்கள், நாடு முழுக்க மில்டன்தான். பழைய கையெழுத்தில் ‘க்யூ-யூ-எச்’ என்று தொடங்கினால் ‘டபிள்யூ-எச்’ என்று மாற்றித் தேடுங்கள். ‘இசட்’ பல இடங்களில் யோக் என்ற பழைய எழுத்தின் மிச்சம். கல்லேன் என்று சொல்லப்படும் கோட்டையின் பெயர் இசட்டோடு (Culzean) எழுதப்படுவது அதனால்தான்.

பலர் தவறவிடும் இன்னொன்று: பெயருக்கும் பண்ணைக்கும் நடுவே ‘ஆஃப்’ என்றிருந்தால் அவர் உரிமையாளர், ‘இன்’ என்றால் குத்தகைதாரர். இதைக் கவனிக்காமல் குத்தகைதாரரைப் பிரபுவாக்கிய வம்ச மரங்கள் ஏராளம்.

நான்கு பிள்ளைகளின் ஞானஸ்நானத்தில் நான்கு பண்ணைகள் வந்தால் நான்கு குடும்பம் என்று பிரித்துவிடாதீர்கள். கூலியாட்கள் ஆறு மாத, ஓராண்டு ஒப்பந்தத்தில் பண்ணை மாறியவர்கள். நான்கையும் வரைபடத்தில் குறியுங்கள்; சில மைல்களுக்குள் அடங்கி, தாயின் பெயரும் ஒத்துப்போனால் ஒரே குடும்பமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.