கிரியாட்டினின் குறைக்கும் சூரணம்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

வீட்டில் சிறுநீரகம் பழுதானவர் இருந்தால், ஷார்ட்ஸில் வரும் பொடி வியாபாரிகளிடம் உஷாராக இருங்கள்.

பெரியப்பாவுக்குச் சர்க்கரையால் வந்த சிறுநீரகக் கோளாறு. இரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் 3.2, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஜிஎஃப்ஆர் 21. ஐந்து நிலைகளில் நான்காம் நிலை என்றாலும், மாத்திரை, சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோடு ஓட்டலாம் என்றிருந்தார் டாக்டர். அப்புறம்தான் அந்த வீடியோ அவர் கண்ணில் பட்டது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், தினமும் இளநீர், வாழைத்தண்டுச் சாறு, கூடவே எங்கள் சூரணம், டயாலிசிஸே வேண்டாம் என்று ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டார். யாருக்கு, எந்த நிலையில் என்ற பேச்சே இல்லை.

வாழைத்தண்டை நம் ஊரில் கல்லடைப்புக்குச் சொல்வார்கள். கல் வேறு, செயலிழப்பு வேறு. இளநீரிலோ பொட்டாசியம் ஏராளம். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், பழுதான சிறுநீரகத்தால் முடியாது. இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

ஆதாரமாக அந்த வீடியோக்காரர் இரண்டு லேப் ரிப்போர்ட் காட்டினார்: கிரியாட்டினின் முன்பு 5.8, பின்பு 1.2. வயிற்றுப்போக்கிலோ வலி மாத்திரையிலோ திடீரென ஏறிய கிரியாட்டினின், காரணம் சரியானால் பெரும்பாலும் தானே இறங்கும். டயாலிசிஸ் முடித்த கையோடு எடுத்தாலும் குறைவாகத்தான் காட்டும். பெயரை மறைத்த தாளில் இதெல்லாம் எங்கே தெரியும்?

ஒரு மண்டலத்துக்கு 9,500 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே. வந்தது ஜிப் கவரில் பழுப்புப் பொடி. உரிம எண், தயாரிப்புத் தேதி, சேர்மானம் எதுவும் இல்லை. ‘காலை 1 ஸ்பூன்’ என்று பேனாவில் எழுதிய துண்டுச்சீட்டு மட்டும். (சித்த மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை. படித்த சித்த மருத்துவர் யாரும் ரிப்போர்ட் பார்க்காமல் இப்படிப் பொடி அனுப்ப மாட்டார்.) “இங்கிலீஷ் மருந்தை நிறுத்திடுங்க ஐயா, ரெண்டும் சேராது” என்றார் ஃபோனில் பேசிய பெண். கால் வீங்குகிறது என்றதற்கு, “கழிவு வெளியேறுதுங்க, நல்ல அறிகுறி. மண்டலம் முடியிற வரை டெஸ்ட் எடுக்காதீங்க.” மொத்த வியாபாரமும் இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நிற்கிறது. டெஸ்ட் எடுத்தால் குட்டு உடைந்துவிடுமே!

மண்டலம் முடியவில்லை. மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவில் சேர்த்தபோது பொட்டாசியம் 6.9. ஐந்தைத் தாண்டக் கூடாதது. ஈசிஜி பார்த்ததுமே கால்சியம் ஊசி, இன்சுலின், குளுக்கோஸ், அன்றிரவே டயாலிசிஸ். இப்போது வாரம் மூன்று முறை போகிறார். பொடியாலா, இளநீராலா, மாத்திரை நின்றதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். வீடியோவின் கீழே நான் எழுதியதையும் அழித்தாயிற்று; “விலை என்ன சார்?” என்பவை மட்டும் பத்திரமாக இருக்கின்றன. இந்த மாதிரி விளம்பரங்களைத் தடுக்க 1954-இலேயே மத்தியச் சட்டம் வந்தாயிற்று. சிறுநீரகக் கல்லும், ‘பிரைட்ஸ் நோய்’ என்ற பழைய பெயரில் சிறுநீரக அழற்சியும் அதன் பட்டியலில் உண்டு. கவரையும் வாட்ஸ்அப் உரையாடலையும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறோம்.

இதே மாதிரிப் பொடி உங்கள் வீட்டில் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். கவரோடு சிறுநீரக மருத்துவரிடம் காட்டுங்கள், எந்த மாத்திரையை எப்போது நிறுத்தினார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.