சென்டர் ஸ்பீக்கரை நடு சீட்ல உக்காந்து கேட்டு வாங்காதீங்க

எங்க வீட்டு ஹால்ல டிவிக்கு நேரா இருக்கற சோஃபா என்னோடது, ஜன்னலோரமா இடது பக்கம் கிடக்கற பிரம்பு நாற்காலி அம்மாவோடது. முட்டி வலிங்கறதால சோஃபால உக்காந்தா எந்திரிக்க ஆள் வேணும், அதனால அந்த நாற்காலியை மாத்தவும் முடியாது நகர்த்தவும் முடியாது. சென்டர் ஸ்பீக்கர்ங்கறது டிவிக்கு கிட்ட நடுவுல வெச்சு முக்கியமா வசனத்தை பேசற ஸ்பீக்கர், ரெண்டு வருஷத்துல அதுல ரெண்டு நான் வாங்கினதுக்கு காரணம் அந்த நாற்காலி தான்.

டிவிக்கு ரெண்டு பக்கமும் இருக்கறது கெஃப் கம்பெனியோட க்யூ150 ஸ்பீக்கர் ஜோடி, பாட்டு கேக்கறதுக்காக எப்பவோ வாங்கினது. அப்புறம் ஆசை யாரை விட்டுச்சு, சத்தத்தை ஸ்பீக்கர்களுக்கு பிரிச்சு அனுப்பற டெனான் எக்ஸ்1700எச் ரிசீவர் ஒண்ணு, அடி சத்தத்துக்குன்னே ஒரு சப்ஊஃபர், பின்னாடி ரெண்டு குட்டி ஸ்பீக்கர்னு ஒண்ணொண்ணா சேந்துச்சு. சென்டர் மட்டும் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன், ஏன்னா சென்டர் இல்லன்னு ரிசீவர்ல சொல்லிட்டா வசனத்தை ரெண்டு பக்கமும் சமமா பிரிச்சு அனுப்பிடும், நடுவுல உக்காந்தா டிவிக்குள்ளேருந்து பேசற மாதிரியே தான் இருக்கும். எனக்கு ஓகே. அம்மாவுக்கு? "அவன் நடுவுல நின்னு பேசறான், சத்தம் ஜன்னல்லேருந்து வருது"ன்னாங்க. கரெக்ட் தான், பக்கத்துல இருக்கற ஸ்பீக்கரோட சத்தம் கொஞ்சம் முந்தி காதுக்கு வந்துட்டா மூளை மொத்தத்தையும் அது தலையில கட்டிடும். நடு சீட்லயுமே ஒரு குறை இருக்கு, ரெண்டு ஸ்பீக்கர் சத்தமும் ரெண்டு காதுக்கும் கொஞ்சம் முன்னபின்ன வந்து மோதறதுல 2 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும், குரல் லேசா மங்கும். 5.1ல, அதாவது அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு சப்பும் சேந்த அமைப்புல, பேச்சு பெரும்பாலும் சென்டர் சேனல்ல தான் வெச்சிருப்பாங்க, தியேட்டர்ல ஸ்க்ரீன்ல பொடிப்பொடி ஓட்டை போட்டு அதுக்கு பின்னாடி ஸ்பீக்கர் வெக்கறதும் ஓரத்து சீட்காரனுக்கும் குரல் வாயிலேருந்து வரணும்னு தான்.

சரின்னு ஒரு கடைக்கு போனேன். கடை பேர் வேணாம். ஏசி டெமோ ரூம், சுவத்துல எல்லாம் துணி பேனல், நடுவுல ஒரே ஒரு சாய்வு சோஃபா, அதுல என்னை உக்கார வெச்சு கடைக்காரர் ஹெலிகாப்டர் சீன் ஒண்ணு போட்டாரு. ஹெலிகாப்டர்ல சென்டருக்கு என்ன வேலைன்னு அப்போ எனக்கு தோணவே இல்ல. "சார், சென்டர் எதுவா இருந்தா என்ன, வாய்ஸ் தானே, பட்ஜெட்டை சப்புக்கு வைங்க"ன்னாரு. அவர் காட்டினது, நடுவுல கீச்சு சத்தத்துக்கான குட்டி ட்வீட்டர், ரெண்டு பக்கமும் மத்த சத்தத்துக்கு ஒவ்வொரு 5 இன்ச் ஊஃபர், படுக்க வெச்ச நீளப் பெட்டி, நீங்க பாக்கற பத்து சென்டர்ல எட்டு இப்படி தான் இருக்கும். கெஃப்ல இதே சீரிஸ் சென்டர் இருக்கே அது எப்படின்னு கேட்டேன், ஸ்டாக் இல்லன்னு சொல்லி கதையை முடிச்சுட்டாரு. நானும் தலையாட்டிட்டு அந்த நீளப் பெட்டியை தூக்கிட்டு வந்துட்டேன்.

வீட்ல வந்து மாட்டி நடுவுல உக்காந்து கேட்டா அருமை. பக்கத்து நாற்காலிலேருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "என்னடா சொன்னான்?" சென்டரை 3 டெசிபல் ஏத்தினேன், அப்புறம் 4. சத்தம் கூடுச்சு, வார்த்தை புரியல. அம்மாவுக்கு காது போச்சுன்னு நானே முடிவு பண்ணி காது டாக்டர்கிட்ட கூட்டிட்டு போய் டெஸ்ட்டும் எடுத்தாச்சு, வயசுக்கு நல்லாவே இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வரும்போது ஆட்டோல அம்மா ஒரு பார்வை பாத்தாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை பீன்ஸ் நறுக்க உக்காந்தேன், முறம் வெக்க வசதியா இருக்குன்னு அம்மா நாற்காலில உக்காந்துட்டேன், டிவில ஏதோ படம் ஓடிட்டு இருந்துச்சு. ரெண்டு நிமிஷத்துல நானே "என்ன சொன்னான்?"னு திரும்பி பாக்கறேன். குரல் இருக்கு, ஆனா கம்பளிக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கு. எந்திரிச்சு சோஃபாக்கு போனா தெளிவு, திரும்ப நாற்காலிக்கு வந்தா மங்கல். அப்போ தான் உறைச்சுச்சு.

அந்த சென்டரை எடுத்து ஒரு ஸ்டூல் மேல செங்குத்தா நிமித்தி டிவி முன்னாடி வெச்சேன். அதே ஸ்பீக்கர், அதே ஒயர், அதே வால்யூம். நாற்காலில அம்மா உக்காந்து கேட்டுட்டு "இப்போ நல்லா கேக்குது, ஆனா டிவியை மறைக்குதேடா"ன்னாங்க. கோளாறு காதுல இல்ல, பெட்டியை படுக்க வெச்சதுல தான்.

கணக்கு இவ்ளோ தான். டேப் வெச்சு அளந்தேன், ரெண்டு ஊஃபர் நடுமையத்துக்கும் இடையில 24 செ.மீ. அம்மா நாற்காலி நேர்கோட்லேருந்து சுமார் 30 டிகிரி தள்ளி இருக்கு. அங்கேருந்து ஒரு ஊஃபர் கிட்ட, இன்னொண்ணு 12 செ.மீ. எட்ட. சத்தத்தோட வேகம் வினாடிக்கு 343 மீட்டர்னு போட்டா 1,400 ஹெர்ட்ஸ் பக்கத்துல அலை நீளம் 24 செ.மீ., அதுல பாதி 12. அப்போ ஒண்ணு முன்னாடி தள்ளும்போது இன்னொண்ணு பின்னாடி இழுக்குது, ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுடுது. மனுஷன் பேச்சு புரியறதுக்கு ரொம்ப வேண்டிய ஏரியா அது, அதுல பள்ளம் விழுந்தா எத்தனை டெசிபல் ஏத்தினாலும் பள்ளம் பள்ளம் தான். நிமித்தி வெச்சா ரெண்டு ஊஃபரும் நாற்காலிக்கு ஒரே தூரம், பிரச்சனையே இல்ல. ஊஃபர்-ட்வீட்டர்-ஊஃபர் அமைப்பை 1983ல ஜோசப் டி'அப்போலிட்டோ வகுத்துக் காட்டினதே செங்குத்தா நிக்கறதுக்கு தான், டிவிக்கு அடியில நுழையணும்னு கம்பெனிங்க அதை படுக்க வெச்சுட்டாங்க. அதனால தான் நான் வாங்கின பிராண்ட் பேரை சொல்லல, இந்த வடிவத்துல யாரு செஞ்சாலும் கூடக்குறைய இதே கதை தான். தனியா நேரா உக்காந்து படம் பாக்கற ஆளா நீங்க, தாராளமா அதையே வாங்குங்க, குறையே தெரியாது.

ஓரத்து சீட்டுக்கு தப்பிக்க மூணு வழி இருக்கு. முன்னாடி இருக்கற அதே ஸ்பீக்கர்ல மூணாவதா ஒண்ணை வாங்கி நிமித்தி வெக்கறது தான் உத்தமம், ஆனா ஜோடியா தான் விப்பாங்க, போதாக்குறைக்கு எங்க டிவி யூனிட் தட்டோட உயரம் 9 இன்ச். இன்னொண்ணு த்ரீ-வே சென்டர், அதுல ட்வீட்டருக்கு நேர் கீழ ஒரு குட்டி மிட்ரேஞ்ச், அதாவது நடு சத்தத்துக்கான கோன், இருக்கும், குரலோட முக்கியமான பகுதியை அது ஒண்ணே பாத்துக்கும், ஓரத்து ஊஃபர் ரெண்டும் கீழ் சத்தத்துக்கு மட்டும். நல்ல டிசைன், விலை தான் எகிறும், பெட்டியும் பெருசு. மூணாவது கோஆக்சியல், அதாவது கோனோட நடுமையத்துலயே ட்வீட்டர். கெஃப் இதை யூனி-க்யூன்னு 1988லேருந்து பண்றாங்க. எங்கிட்ட ஏற்கனவே க்யூ150 இருக்கு, அதே 5.25 இன்ச் யூனி-க்யூ தான் அந்த சீரிஸ் சென்டர் க்யூ250சிலயும், அப்புறம் என்ன யோசனை. 2024ல கெஃப்ல க்யூ மெட்டான்னு புது சீரிஸ் வந்துட்டதால பழசை வித்துட்டு மேல போறவங்க இருப்பாங்கன்னு தேடினேன், ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சுச்சு.

இந்த தடவை உஷாரா போனேன். அவர் வீட்டு ஹால்ல மத்த ஸ்பீக்கர் எல்லாத்தையும் ஆஃப் பண்ண சொல்லி சென்டரை மட்டும் பாட விட்டு, செய்தி வாசிக்கற கிளிப் ஒண்ணு, ஸ்டேடியம் கத்தலுக்கு நடுவுல தமிழ் கிரிக்கெட் கமெண்ட்ரி ஒண்ணு போன்லேருந்து போட்டேன், கேட்டுட்டே இந்த சுவத்துலேருந்து அந்த சுவர் வரைக்கும் நடந்தேன். அவர் வீட்டம்மா சமையல் ரூம்லேருந்து எட்டிப் பாத்து யாரோ அளவெடுக்க வந்திருக்காங்கன்னு நினைச்சிருப்பாங்க. ஓரத்துக்கு போனா சத்தம் லேசா குறையுது, குரலோட நிறம் மாறல. அந்த நடைக்கு தான் காசு கொடுத்தேன். செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்க கோனை கிட்டத்துல டார்ச் அடிச்சு பாருங்க, குழந்தைங்க இருக்கற வீடுன்னா நடு ட்வீட்டர்ல விரல் குழி விழுந்திருக்கான்னு நிச்சயம் பாக்கணும்.

வெளியிலேருந்து பாத்தா மூணு கோன் வரிசையா இருக்கற மாதிரி தெரியும், நடுவுல இருக்கறது யூனி-க்யூ, ஒரு பக்கம் பாஸ் டிரைவர், இன்னொரு பக்கம் கரண்ட் போகாத பாசிவ் ரேடியேட்டர். பின்னாடி போர்ட் ஓட்டை கிடையாது, எங்களை மாதிரி டிவி யூனிட் தட்டுக்குள்ள சொருகறவங்களுக்கு இது பெரிய நிம்மதி, ஏன்னா பின்னாடி ஓட்டை இருக்கற ஸ்பீக்கரை மரப்பெட்டிக்குள்ள தள்ளினா ஆம்பளைக் குரல் எல்லாம் பானைக்குள்ள பேசற மாதிரி கொழகொழன்னு ஆயிடும். அதுக்காக உள்ள தள்ளி வெச்சுடாதீங்க, தட்டோட விளிம்புக்கு ஒரு இன்ச் வெளிய நீட்டிட்டு இருக்கற மாதிரி வைங்க, இல்லன்னா தட்டுல பட்டு எதிரொலிச்சு கெடுக்கும். தட்டு முட்டி உயரத்துல இருக்கு, காது அதுக்கு மேல, அதனால முன்பக்கம் அடியில ரெண்டு ரப்பர் டோர் ஸ்டாப்பரை சொருகி மூஞ்சியை மேல பாக்க வெச்சேன். ஹார்டுவேர் கடை சாமான் தான், ஆனா ட்வீட்டர் முட்டியை பாத்து பாடறதுக்கும் முகத்தை பாத்து பாடறதுக்கும் வித்தியாசம் முதல் நிமிஷத்துலயே தெரிஞ்சுச்சு.

அப்புறம் ஆடிசி, அதாவது ஹாலுக்கு ஏத்த மாதிரி சத்தத்தை ரிசீவரே சரி பண்ணிக்கற வசதி. மைக்கை வெச்சு ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கர்லயும் விசில் மாதிரி ஒரு சத்தம் விட்டு அளக்கும்ல, முதல் தடவை ஃபேன் ஓடுச்சு, ரெண்டாவது தடவை சரியா மூணாவது இடத்துக்கு மைக்கை மாத்தும்போது குக்கர் விசில் அடிச்சு எல்லாம் முதல்லேருந்து. ராத்திரி பதினொரு மணிக்கு உக்காந்து தான் முடிச்சேன், அம்மா நாற்காலிலயும் ஒரு இடம் கட்டாயம் அளந்தேன். முடிஞ்சதும் சென்டரை ஸ்மால்னு மாத்தி கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ் (அதுக்கு கீழ உள்ள சத்தம் சப்புக்கு போயிடும்), லெவல் ஒன்றரை டெசிபல் மட்டும் ஏத்தினேன். இன்னொண்ணு, டிவி ஆப்ல சில படம் ஸ்டீரியோல தான் வரும், அப்போ ரிசீவர் ஸ்டீரியோ மோட்ல இருந்தா சென்டர் சும்மா பொம்மை மாதிரி உக்காந்திருக்கும், டால்பி சரவுண்ட் மோட் போட்டா தான் பேச்சை பிரிச்சு நடுவுக்கு அனுப்பும். சென்டர் ரிப்பேர்னு நான் ஒரு நாள் பூரா ஒயரை நோண்டினது இதுக்கு தான்.

குறை இல்லாம இல்ல. கோனை மூடற முன்பக்க கிரில் பெட்டியோட வராது, தனியா காசு கொடுத்து வாங்கணும், இந்த விலைக்கு இது கொஞ்சம் ஓவர். அக்கா பையன் லீவுக்கு வந்தப்போ அந்த பளபள கோனை பாத்து விரலை நீட்டிட்டே வந்தான், அன்னிக்கே கிரில் தேட ஆரம்பிச்சுட்டேன். சப் இல்லாம தனியா ஓட்டினா குரல்ல கனம் கம்மி. அப்புறம் எங்க ஹால் மாதிரி டைல்ஸ் தரை, வெறும் சுவர்னா எந்த சென்டரும் பாதி தான் வேலை செய்யும், ஒரு ஜமுக்காளத்தை டிவிக்கும் சோஃபாவுக்கும் நடுவுல விரிச்சதுக்கு அப்புறம் தான் ஸ, ஷ எல்லாம் காதை குத்தாம அடங்குச்சு.

அம்மா "என்னடா சொன்னான்"னு கேக்கறது நின்னு போச்சு. இப்போ எல்லா வசனமும் புரியறதால "இதுக்கா இவ்ளோ நேரம் பேசினான்"னு எந்திரிச்சு போயிடறாங்க. பழைய சென்டரை பாதி விலைக்கு ஒரு பையன்கிட்ட கொடுத்தேன், தம்பி முடிஞ்சா இதை நிமித்தி வெச்சு கேளுன்னு சொன்னேன், தலையாட்டிட்டு பைக்ல படுக்க வெச்சு கட்டிட்டு போனான்.