பவரா, அக்ரிமெண்டா? நிலத்தில் பணம் போடுபவர் கவனத்துக்கு

தமிழ்நாட்டில் நிலம் வாங்கி, விலை ஏறியபின் விற்க நினைப்பவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. முழுத்தொகையும் கொடுத்து உடனே கிரையம் பதியலாம்; முன்பணம் கொடுத்து விற்பனை ஒப்பந்தம் போடலாம்; பணத்தைக் கொடுத்துவிட்டுப் பொது அதிகாரப் பத்திரம், அதாவது பவர், எழுதி வாங்கலாம். முதல் வழியில் உரிமை அன்றே கைமாறுவதால் அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம் என்ற அந்தச் செலவைத் தள்ளிப்போடவே பலரும் மற்ற இரண்டை நாடுகிறார்கள்.

தரகர்கள் பெரிதும் பரிந்துரைப்பது பவர். விற்கவும் பத்திரம் எழுதவும் அதிகாரம் கையில் இருப்பதால் நிலமே தம்முடையது என்ற எண்ணம் வாங்கியவருக்கு வந்துவிடுகிறது. ஆனால் பவர், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகியவற்றைச் சேர்த்து எழுதி வாங்கினாலும் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் சூரஜ் லேம்ப் வழக்கில் 2011-இலேயே தீர்த்துச் சொல்லிவிட்டது. பவர் பெற்றவர் சட்டத்தின் பார்வையில் முகவர் மட்டுமே. முகவருக்கு அந்தச் சொத்தில் சொந்த நலன் இருப்பதை நிரூபித்தாலொழிய, அதிகாரம் தந்தவர் அதை ரத்து செய்யலாம். அப்படி நிரூபிக்காவிட்டால், அவர் இறந்தாலும் அதிகாரம் முடிந்துபோகும். முழுப்பணத்தையும் கொடுத்தவர், உரிமையாளரின் ஆயுளை நம்பிக் காத்திருப்பது என்னைப் பொறுத்தவரை முதலீடே அல்ல. செலவு குறைவு என்ற வாதமும் இப்போது வலுவிழந்துவிட்டது: 2023 ஜூலையில், குடும்பத்தினர் அல்லாதவருக்கு விற்பனை அதிகாரம் தரும் பவருக்கான கட்டணம் சந்தை மதிப்பில் 1 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

விற்பனை ஒப்பந்தமும் உரிமையைத் தருவதில்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே கூறுகிறது. ஆனால் கிரையம் எழுதித் தரும்படி வழக்குப் போடும் உரிமையை அது தருகிறது. குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தில் 2018-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்த நிவாரணம் நீதிபதியின் விருப்பத்தை மட்டும் சார்ந்ததாக இல்லை. கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின்மீதே பொறுப்பு, அதாவது அந்தச் சொத்திலிருந்தே அதை வசூலிக்கும் உரிமை, ஏற்படுவதும் வாங்குபவருக்கு ஒரு காப்பு.

இங்கேதான் பதிவின் அருமை புரியும். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதியாத ஒப்பந்தத்தையும் இத்தகைய வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மைதான். அதை நம்பி முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கியதோடு நிற்பவர் பெரிய ஆபத்தில் இருக்கிறார். 40 லட்ச ரூபாய் நிலத்துக்கு 8 லட்சம் முன்பணம் கொடுத்தபின், உரிமையாளர் கூடுதல் விலைக்கு வேறொருவருக்குக் கிரையம் செய்துவிட்டால், ஒப்பந்தம் இருப்பதே தெரியாமல் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கியதாக அந்த மூன்றாமவர் தப்பித்துக்கொள்ளலாம். பதிந்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் தெரியும் என்பதால், தெரியாது என்று அவரால் சொல்ல முடியாது.

ஆகவே நான் பதிவு செய்த ஒப்பந்தத்தின் பக்கமே நிற்கிறேன். முன்பணம் வங்கி வழியாகவே போக வேண்டும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விழும். சர்வே எண், நான்கெல்லை, கிரையத்துக்கான கடைசித் தேதி, பட்டாவிலோ மூலப்பத்திரத்திலோ குறை தெரிந்தால் பணம் திரும்பும் விதம் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். குறித்த தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடராவிட்டால் உரிமை காலாவதியாகும். மீதிப் பணத்தோடு தயாராக இருந்ததை வாங்குபவரே காட்ட வேண்டியிருப்பதால், வங்கிக் கணக்கு விவரத்தையும் அனுப்பிய அறிவிப்புகளையும் பத்திரப்படுத்த வேண்டும்.

பவர் முறையாகப் பயன்படும் இடமும் உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் உரிமையாளர் ஊரிலுள்ள தம்பிக்கு அதிகாரம் தந்து விற்கச் சொல்லலாம். அப்போதும், பவர் ரத்தாகவில்லை என்பதையும் உரிமையாளர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றையும் பார்த்தபின், தொகையை உரிமையாளரின் கணக்கிலேயே செலுத்திக் கிரையம் பதிய வேண்டும்.