யமஹா ஏபிஎக்ஸ் 600, சிபிஎக்ஸ் 600: இரண்டையும் பல வருடம் வாசித்த பிறகு

யமஹாவின் ஏபிஎக்ஸ் 600 கிட்டாரை 2019-இல் வாங்கினேன், சிபிஎக்ஸ் 600 வந்தது 2021 கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால். இரண்டும் இன்றுவரை என்னிடம்தான் இருக்கின்றன. தூத்துக்குடியில் எங்கள் சபைப் பாடகர் குழுவில் வாசிக்கிறேன், வீட்டில் நாலைந்து பிள்ளைகளுக்குக் கிட்டாரும் சொல்லிக்கொடுக்கிறேன். "அண்ணே, ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு, எதை வாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காகிதத்தில் பார்த்தால் ஒரே கிட்டார் மாதிரிதான் தெரியும். மேல்பலகை இரண்டிலும் ஸ்ப்ரூஸ் லேமினேட் (மெல்லிய மரத்தகடுகளை ஒட்டியது), நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தாங்கி நிற்கும் பட்டை) அகலம் 43 மி.மீ., பக்கவாட்டில் அதே சிஸ்டம் 65 ப்ரீஆம்ப் (ஒலியைக் கூட்டிச் சரிசெய்யும் பெட்டி), சேடிலுக்கு (பெட்டிமேல் கம்பிகளைத் தாங்கும் பட்டை) அடியில் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பியெஸோ பிக்-அப், இரண்டு ஏஏ பேட்டரி. மாறுவது இரண்டே விஷயம். ஒன்று உடம்பு: ஏபிஎக்ஸின் ஆழம் 80 முதல் 90 மி.மீ. வரை, சிபிஎக்ஸ் 95-இல் தொடங்கி 115 வரை போகிறது, அகலத்திலும் பெரியது. இன்னொன்று கம்பியின் நீளம்: ஏபிஎக்ஸில் 634 மி.மீ., சிபிஎக்ஸில் 650. வெறும் 16 மி.மீ. தானே என்று நானும் முதலில் கண்டுகொள்ளவில்லை, ஆனால் கை அதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டது.

ஒரே தடிமனுள்ள கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றினால், நீளம் குறைந்த கிட்டாரில் இழுவிசை கிட்டத்தட்ட 5 சதவீதம் குறையும். நட்டிலிருந்து நாலாவது ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை உள்ள தூரமும் 3 மி.மீ.க்கு மேல் குறைகிறது. ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்த வேண்டிய எஃப் பார் கார்டு பிடிக்கத் தடுமாறுகிற பிள்ளை கையில் ஏபிஎக்ஸைக் கொடுத்தால், அன்றைக்கே எல்லாக் கம்பியும் ஒலிக்கிறதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இதில் நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட ஒன்று: இரண்டிலும் ஒரே செட் கம்பி போடக் கூடாது. ஏபிஎக்ஸில் 11 செட் (எண் குறைந்தால் கம்பி மெல்லியது) போட்டுப் பார்த்தேன், கம்பி தொளதொளவென்று ஆகி, பலமாக ஸ்ட்ரம் செய்தால் ஃப்ரெட்டில் பட்டு இரைந்தது. இப்போது ஏபிஎக்ஸில் 12-53, சிபிஎக்ஸில் 11-52. ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கும்போது விரலுக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

கடையில் எல்லோரும் ஸ்பீக்கருக்கு வயர் சொருகாமல்தான் வாசித்துப் பார்ப்பார்கள், அப்போது சிபிஎக்ஸ் நிச்சயம் ஜெயிக்கும். கீழ்க்கம்பிகளில் உடம்பு இருக்கிறது, அறை நிறைகிறது. பக்கத்திலேயே ஏபிஎக்ஸை வாசித்தால் ஒல்லியாக, நடுவில் மட்டும் பேசுகிற மாதிரி இருக்கும். ஆனால் அது மேடைக்காகச் செய்த கிட்டார், 1987-இல் அந்த வரிசை வந்ததிலிருந்தே அதன் வேலை அதுதான். வயர் சொருகிய பிறகு கேட்டுப் பாருங்கள். ஒருநாள் ஒத்திகையில் இரண்டையும் ஒரே சேனலில், ஈக்யூவை (ஒலியின் பாஸ், மிட், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) நடுவில் வைத்து, அதே பாட்டை வாசித்துக்காட்டினேன். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த கொயர் மாஸ்டரால் எது எதுவென்று சொல்ல முடியவில்லை. இரண்டிலும் அதே பிக்-அப், அதே ப்ரீஆம்ப், பெட்டியின் பங்கு ஸ்பீக்கரில் கொஞ்சம்தான் வருகிறது. பியெஸோவுக்கே உரிய அந்த பிளாஸ்டிக் சத்தமும் இரண்டிலும் உண்டு. மிட் ஃப்ரீக்வென்சி குமிழைத் திருப்பிக்கொண்டே போய் அது உறுத்துகிற இடத்தைப் பிடித்து, அங்கே மிட்டைக் குறைத்தால் காதுக்கு இதமாகிறது.

மேடையில் இரண்டும் பிரிவது ஃபீட்பேக்கில், அதாவது ஸ்பீக்கர் சத்தம் கிட்டாரில் புகுந்து திரும்பத் திரும்பப் பெருகிக் கத்துவதில். பெரிய கிட்டார் பெட்டிக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானாகவே அதிரும். ஆறாவது கம்பியில் பிடிக்கிற ஜி 98 ஹெர்ட்ஸ், திறந்த ஏ கம்பி 110. எங்கள் பாட்டுகளில் பாதி ஜி மேஜர். கன்வென்ஷன் மேடையில் மானிட்டர் (வாசிப்பவர் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) காலடியில் இருக்கும்போது சிபிஎக்ஸ் 'ஹூம்ம்' என்று கத்த ஆரம்பித்துவிடும், ஒலித்துளைக்கு ரப்பர் மூடி போட்ட பிறகுதான் அடங்கியது. ஏபிஎக்ஸில் அந்த மூடி எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. இரண்டு மணி நேரம் நின்று வாசிக்கும்போது வலது தோள் வலிக்காததும் அதில்தான்.

சரி, பிறகு ஏன் சிபிஎக்ஸ்? கிறிஸ்துமஸ் கீத பவனிக்காக. டிசம்பரில் ராத்திரி வீடு வீடாகப் போய் இருபது பேர் பாடும்போது ஸ்பீக்கர் கிடையாது, டிரம் ஒரு பக்கம், டேம்பரின் ஒரு பக்கம். 2019-லும் 2020-லும் ஏபிஎக்ஸைக் கொண்டுபோனேன், நான் வாசித்தது எனக்கே கேட்கவில்லை. சிபிஎக்ஸ் வந்ததும் பாடுகிறவர்கள் கிட்டாரைக் கேட்டு சுருதியோடு நின்றார்கள், அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. வீட்டில் தனியாக விரலால் மீட்டி வாசிக்கவும் அதைத்தான் எடுக்கிறேன்.

பராமரிப்பில் இரண்டும் ஒன்றுதான். கடற்காற்றுக்குக் கம்பி இரண்டு மாதத்துக்கு மேல் தாங்காது, வாசித்து முடித்ததும் துடைத்துவிட வேண்டும். பலகை லேமினேட் என்பதால் இத்தனை ஈரப்பதத்திலும் உப்பவோ வெடிக்கவோ இல்லை, இந்த ஊருக்கு அது நல்லதுதான். வயரைச் சொருகியபடியே வைத்தால் பேட்டரி தீரும், கழற்றிவிடுங்கள். அப்புறம், ஆக்‌ஷனைக் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம்) குறைக்க ஏபிஎக்ஸின் சேடிலை நானே அடியில் தேய்த்தேன். அடிப்பாகம் சமமாக இல்லாததால் ஸ்பீக்கரில் முதல் கம்பி மட்டும் மங்கிப் போனது. கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, சேடிலைச் செங்குத்தாகப் பிடித்து மறுபடி தேய்த்த பிறகுதான் சரியானது. பிக்-அப் கெட்டுவிட்டது என்று நினைக்கிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், மைக் செட்டோடு வாசிக்கிறவர்களுக்கும் சின்னக் கை உள்ளவர்களுக்கும் ஏபிஎக்ஸ். வயர் சொருகுவதே அபூர்வம் என்றால் யோசிக்காமல் சிபிஎக்ஸ். போன மாதம் வாங்கிய என் மாணவி ஏபிஎக்ஸைத்தான் எடுத்தாள். டிசம்பரில் கீத பவனிக்கு என்னுடைய சிபிஎக்ஸைத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.