நிக்கான் பி1000: முழு ஜூமில் படம் தெளிவாக வருமா?

வரும். ஆனால் எதை எடுக்கிறீர்கள், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அந்த நேரத்தில் வெயில் எப்படி, இந்த மூன்றும் ஒத்துழைத்தால்தான் வரும். 125 மடங்கு ஜூம் என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, எதிர்மலையில் நிற்கிற ஆளின் சட்டைப் பொத்தானை எண்ணிவிடலாம் என்ற கணக்கில் வாங்குகிறவர்கள்தான் கொஞ்ச நாளிலேயே கேமராவைத் திட்ட ஆரம்பிக்கிறார்கள். நான் வாங்கியது பறவைகளுக்கும் நிலாவுக்கும். அந்த இரண்டிலும் எனக்கு முழுத் திருப்தி. மற்றதற்குப் பொறுமை வேண்டும், சிலதற்கு எவ்வளவு பொறுமையாக இருந்தாலும் வேலைக்கு ஆகாது.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. கூல்பிக்ஸ் பி1000 வந்தது 2018இல். இதன் லென்ஸின் குவியத் தூரம் (இது கூடக்கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்) 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் 24 மி.மீ.யில் தொடங்கி 3000 மி.மீ. வரை போகும். முழு ஜூமில் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 539 மி.மீ.தான், படத்தைப் பதிவு செய்கிற சென்சார் 1/2.3 அங்குலம் என்கிற அளவுக்குச் சின்னது என்பதால்தான் அது 3000 ஆகிறது. 16 மெகாபிக்சல். பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 1415 கிராம், கழுத்தில் மாட்டிக்கொண்டு அரை நாள் நடந்தால் அந்த எடை தெரியும். 2025இல் பி1100 வந்தது, அதிலும் லென்ஸும் சென்சாரும் இதேதான், அதனால் இங்கே சொல்வதில் பெரும்பாலானது அதற்கும் பொருந்தும்.

அந்தச் சின்ன சென்சாரில்தான் முதல் சிக்கல். முழு ஜூமில் அப்பெர்ச்சர், அதாவது ஒளி நுழைகிற துளை, எஃப்/8, அதற்கு மேல் திறக்காது. எஃப்/8 வழியாக வருகிற ஒளி ஒரு புள்ளியாகக் குவியாமல், விளிம்பு விளைவால் சுமார் 10 மைக்ரான் அகல வட்டமாகப் பரவும். இந்த சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 1.3 மைக்ரான். ஆக ஒரே புள்ளி ஏழெட்டு பிக்சலுக்குக் கசிகிறது. கணினியில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் படம் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும், அதற்கு ஃபோகஸைக் குறை சொல்லிப் பயனில்லை. அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கிப் பாருங்கள், விவரம் பெரிதாக எதுவும் தொலையாது, படம் சட்டென்று நிமிர்ந்து உட்காரும். டிஜிட்டல் ஜூமை மெனுவில் போய் அணைத்துவிடுவது உத்தமம். 12000 மி.மீ. வரை போகிறேன் என்று அது காட்டுவதெல்லாம் இருக்கிற படத்தை இழுத்துப் பெரிதாக்குவதுதான்.

சரி, இதைவிடப் பெரிய வில்லன் காற்று. இதைப் பற்றிக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிந்து அரை மணி நேரத்துக்குள் எடுத்தால் அதன் எழுத்தைப் படிக்கலாம். பதினொரு மணிக்கு, அதே ட்ரைபாட், அதே செட்டிங்கில் எடுத்துப் பாருங்கள், ஓடுகிற தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல எழுத்துகள் நெளியும். வியூஃபைண்டரில் பார்க்கும்போதே தெரியும். தரை சூடாகி, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து ஒளியை அங்கங்கே வளைக்கிறது, நடுவில் தார்ச்சாலையோ கூரைகளோ இருந்தால் இன்னும் மோசம். ஷட்டர் வேகத்தை 1/1000க்கு ஏற்றினால் என்ன ஆகும் என்றால், அந்த நெளிவு அப்படியே உறைந்து கோணல்மாணலான எழுத்தாகப் பதியும், அவ்வளவுதான். எந்த ட்ரைபாடும் எந்த ஸ்டெபிலைசேஷனும் இதைச் சரிசெய்யாது. மேகமூட்டமான நாள், மழை விட்ட பிறகு, அதிகாலை, இவைதான் தூரக் காட்சிக்கான நேரம். ஏசி ஓடுகிற அறையின் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எடுப்பதும், நிறுத்திய காரின் சூடான பானெட்டுக்கு மேலாக எடுப்பதும் இதே தொல்லையைக் கண் முன்னாலேயே கொண்டுவந்து வைக்கும்.

இங்கே ஒரு இழுபறி இருக்கிறது, பி1000 வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். எஃப்/8இல் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன், ஏற்றினால் படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும்) குறைவாக வைக்க நல்ல வெளிச்சம் வேண்டும், வெளிச்சத்துக்கு வெயில் வேண்டும், வெயில் ஏறினால் காற்று கெடும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/400 என்று ஓடிவிடும். மர நிழலுக்குள் போனால் 800, 1600 என்று ஏறும், அங்கே இறகின் இழைகள் எல்லாம் ஒன்றோடொன்று குழைந்துவிடும். கேமரா மெருகேற்றாத ரா கோப்பாக எடுத்து நாமே நாய்ஸைக் குறைத்தால் ஓரளவு மீட்கலாம், ஜேபெக்கில் கேமராவே எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிடுகிறது.

கை நடுக்கத்துக்கு இதன் வி.ஆர்., அதாவது நடுக்கத்தைச் சமன்செய்கிற ஸ்டெபிலைசேஷன், உண்மையிலேயே கெட்டி. 5 ஸ்டாப் என்கிறது நிக்கான், ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஷட்டர் நேரத்தை இரட்டிப்பாக்கலாம். 3000 மி.மீ.க்கு ஷட்டர் 1/3000 வேண்டும் என்ற பழைய கணக்கை வைத்தால் 1/100 போதும் என்று வரும். நான் அதை நம்புவதில்லை, கையில் பிடித்து எடுக்கும்போது 1/500க்குக் கீழே இறங்க மனசு வராது. சுவரிலோ மரத்திலோ தோளைச் சாய்த்து, மூச்சை மெல்ல விட்டுக்கொண்டே அழுத்துங்கள். ட்ரைபாடில் ஏற்றினால் வி.ஆரை அணைத்துவிடுங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், 2 வினாடி டைமரோ எம்எல்-எல்7 ப்ளூடூத் ரிமோட்டோ வைத்து எடுங்கள், ஏனென்றால் முழுக்க நீண்டுவிட்ட அந்த லென்ஸ் குழாய் விரல் பட்டாலே ஆடும், காற்றடித்தால் லென்ஸின் முன்னால் மாட்டுகிற ஹூட் வேறு பாய்மரம் போட்டுக்கொள்ளும். ஹூட்டைக் கழற்றிவிடலாம்.

ஃபோகஸ் சுமார்தான். வெளிச்சம் குறைந்தால் முன்னும் பின்னும் தேடும், கிளைகளுக்கு நடுவே உட்கார்ந்த குருவியை விட்டுவிட்டு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற சுள்ளியைப் பிடித்துக்கொள்ளும். ஃபோகஸ் பெட்டியை மிகச் சின்னதாக்கி, பறவையின் கண்ணோ கழுத்தில் நிறம் மாறுகிற கோடோ இருக்கிற இடத்தில் வைத்தால் வேலை நடக்கும். முழு ஜூமில் சுமார் 7 மீட்டருக்குள் இருப்பது ஃபோகஸே ஆகாது, கொஞ்சம் பின்னால் போங்கள் அல்லது ஜூமைக் குறையுங்கள். தொடர்ச்சியாக எடுத்தால் வினாடிக்கு 7 படம், ஏழோடு நின்றுவிடும், அதையெல்லாம் கார்டில் எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இருந்தாலும் ஒரே காட்சியை அப்படி வரிசையாக எடுப்பதுதான் என் வழக்கம். நடுக்கமும் காற்றும் கணத்துக்குக் கணம் மாறுவதால் நடுவில் ஒன்று பளிச்சென்று அமைந்துவிடும். பறக்கிற பறவைக்கு இந்தக் கேமரா வேண்டாம். பறவை ஃப்ரேமை விட்டுப் போனால் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்திப் பிடித்தால் ஜூம் பின்வாங்கும், பறவையைக் கண்டுபிடித்ததும் பொத்தானை விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். இது அருமையான வசதி.

உட்கார்ந்திருக்கிற பறவை என்றால் கதையே வேறு. இருபது, முப்பது மீட்டரில், காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒரு மீன்கொத்தியை எடுத்தால் அலகின் நுனியில் இருக்கிற சின்னக் கீறலும், அதில் ஒட்டிய செதிலும், கண்ணில் தெரிகிற வானத்தின் வெள்ளைப் புள்ளியும் தனித்தனியாகத் தெரியும். அந்தத் தூரத்தில் குறுக்கே இருக்கிற காற்று குறைவு, அதனால் லென்ஸ் தன் முழுத் திறமையையும் காட்டுகிறது.

நிலா இதற்கென்றே படைத்தது போல. 3000 மி.மீ.யில் ஃப்ரேமின் உயரம் ஏறக்குறைய அரை டிகிரி, நிலாவும் அதே அளவுதான், பூமிக்கு அருகில் வரும் நாட்களில் விளிம்பு வெட்டுப்படும். பௌர்ணமியை விட்டுவிடுங்கள், நிழலே விழாமல் தட்டையாக இருக்கும். அரை நிலாவில் ஒளியும் இருளும் சேருகிற கோட்டை ஒட்டிப் பாருங்கள், பள்ளங்களின் சுவரும் சிலதின் நடுவே இருக்கிற குன்றும் நிழலோடு எழுந்து நிற்கும். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 அளவில் தொடங்கி ஏற்றி இறக்கிப் பாருங்கள். அப்புறம், நிலா ஃப்ரேமின் அகலம் முழுவதையும் கடக்க மூன்று நிமிடம்கூட ஆகாது, ட்ரைபாடை அடிக்கடி திருப்ப வேண்டியிருக்கும். அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது எடுக்காதீர்கள், நன்றாக மேலே ஏறட்டும்.

தூரத்துக் கட்டடம், கப்பல், மலை மட்டும்தான் உங்கள் ஆசை என்றால் பி950 போதும் என்பேன். 2000 மி.மீ. வரை, சுமார் ஒரு கிலோதான், அந்தத் தூரத்தில் கூடுதல் ஆயிரம் மி.மீ.யைக் காற்றே பெரும்பாலும் தின்றுவிடும். பி1000 எடுக்கிறவர்கள் கூடவே இன்னொரு பேட்டரி வாங்கிவிடுங்கள், நிறுவனக் கணக்குப்படியே ஒரு சார்ஜில் சுமார் 250 படம்தான்.