ரோட்ஸ்டரில் கோனி ஷொக் அப்சோபர்: வன்னியில் ஓராண்டுப் பாவனை

1990ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர் ஒன்றில் கோனி நிறுவனத்தின் மஞ்சள் நிற ஸ்போர்ட் வகை ஷொக் அப்சோபர்கள் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாய்கள்) நான்கைப் பொருத்தி ஓராண்டு ஓடிய பின்னர் இதை எழுதுகிறேன். ஓட்டோகுரொஸ் (கூம்புகளுக்கு நடுவே ஒவ்வொரு காராக ஓடி நேரம் அளக்கும் போட்டி) ஓட விரும்புகின்ற, அதே காரில் வீட்டுக்கும் திரும்பிவர வேண்டியிருக்கின்ற ஒருவருக்கு இவை மிகப் பொருத்தமான பொருள் என்பது என் முடிவு. ஆனால் காரின் எடையைக் குறைக்கும் வேலை முழுவதையும் முடிக்காமல் இவற்றைப் பொருத்த வேண்டாம். நான் முதலில் ஷொக்கைப் பொருத்திவிட்டுப் பின்னரே எடையைக் குறைத்தேன். அதனால் உயரம் பார்ப்பது, சில்லுகளின் கோணம் பார்ப்பது எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்து, இரண்டு தடவை கூலியும் கொடுத்தேன்.

மஸ்டா நிறுவனம் வெளிநாடுகளில் எம்எக்ஸ்-5 என்ற பெயரில் விற்ற காரையே ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்றது. 1.6 லீற்றர் எஞ்சின் முன்னால் இருக்க, பின் சில்லுகள் இழுக்கும். நான்கு சில்லுகளுக்கும் இரட்டை விஷ்போன் அமைப்பு, அதாவது சில்லை மேலும் கீழுமாகப் பிடிக்கும் இரண்டு கைகள், உண்டு. மிக எளிய வடிவத்தில் அதன் எடை 940 கிலோ. நாங்கள் ஓடுவது கிளிநொச்சிப் பக்கத்து நெல் ஆலை ஒன்றின் காயவிடும் சீமெந்துத் தளத்தில். காலபோக நெல்லும் சிறுபோக நெல்லும் காய்கிற மாதங்களில் அந்தப் பக்கம் போக முடியாது. மற்றக் காலத்தில் உரிமையாளர் ஞாயிறு காலைகளில் தளத்தைத் தருகிறார். கூம்புகளை அடுக்கி, ஒரு நேரத்தில் ஒரு காரை மட்டும் விட்டு, நேரத்தை அளக்கிறோம். இரண்டாம் கியருக்கு மேல் போக இடமில்லை. ஆகவே எஞ்சின் வலுவை விட, காரின் எடையும் அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு எவ்வளவு விரைவாகச் சாய்ந்து நிமிர்கிறது என்பதுமே அங்கே முடிவைத் தீர்மானிக்கின்றன.

எடைக் குறைப்பில் எனக்கு அதிகம் கிடைத்தது நான் எதிர்பாராத இடத்திலிருந்து. முந்தைய உரிமையாளர் 16 அங்குல றிம் போட்டிருந்தார். தொழிற்சாலையிலிருந்து வந்த 14 அங்குல அலுமினிய றிம்மைத் தேடி எடுத்து, 185/60 அளவு டயருடன் போட்டபோது நான்கு சில்லுகளிலும் சேர்த்து 22 கிலோ குறைந்தது. இது ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற, அதிலும் சுழல்கிற எடை என்பதால், காருக்குள்ளிருந்து கழற்றிய எந்த 22 கிலோவையும் விடப் பெறுமதியானது. கரடுமுரடான இடத்தில் சில்லு தரையை விட்டு எழும்புவதும், பிரேக் பிடிக்கும்போது தடுமாறுவதும் அன்றைக்கே குறைந்தன. குளிரூட்டியின் பாகங்கள் 19 கிலோ. அவற்றில் பெரும்பகுதி காரின் மூக்கில் இருப்பவை. வன்னியின் ஓகஸ்ட் வெயிலில் அதைக் கழற்றுவது சிறிய முடிவல்ல, எனினும் கழற்றினேன். கம்பளமும் அதன் அடிவிரிப்பும் 9 கிலோ, வானொலியும் ஒலிபெருக்கிகளும் 4 கிலோ. பயணி இருக்கை 14 கிலோ, உதிரிச் சில்லும் ஜக்கும் இன்னொரு 14 கிலோ. இவற்றில் கடைசி இரண்டையும் ஓட்டம் நடக்கும் தளத்தில்தான் இறக்குகிறேன். கனகராயன்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் நடுவில் டயர் வெடித்தால் உதிரிச் சில்லின் பெறுமதி விளங்கும்.

கூட்டியதும் ஒன்று உண்டு. திறந்த கூரைக் காரில் தலைக்குப் பின்னால் உருள்தடுப்புக் கம்பி (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவு) இல்லாமல் ஓடுவதை நான் ஏற்கமாட்டேன். அது 15 கிலோ. முடிவில் 972 கிலோவாக இருந்த கார் 905 கிலோவாயிற்று. கதவின் உள்தகட்டை வெட்டினால் இன்னும் குறையும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அதைச் செய்யவில்லை, யாருக்கும் சொல்லவும் மாட்டேன்.

இந்த 67 கிலோ போனவுடன் ஷொக்கின் வேலையும் மாறிவிட்டது. சில்லில் அளக்கும் ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீற்றருக்கு 20 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், ஒரு மூலையில் 10 கிலோ குறைய அந்த மூலை ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் உயரும். கார் உயர்ந்தால் சில்லின் சாய்வுக் கோணம் மாறும், புவியீர்ப்பு மையமும் மேலே போகும். எடை குறைத்த பயனில் ஒரு பங்கு அப்படியே கைநழுவும். அதே ஸ்பிரிங் இலேசான உடலைத் தாங்கும்போது அதன் அதிர்வு வேகம் கூடும். ஆனால் அதை அடக்கத் தேவையான தடை குறையும். முன்பு சரியாக இருந்த ஷொக் இறுக்கம் இப்போது அளவுக்கு மீறியது. இதை அறியாமல், கார் முன்னையதை விட மோசமாகத் துள்ளுகிறதே என்று இரண்டு வாரம் டயரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கோனி ஸ்போர்ட்டில் ஸ்பிரிங் விரிந்து திரும்புகின்ற திசையின் தடையை மட்டுமே மாற்றலாம்; அமுங்கும் திசையின் தடை நிலையானது. ரோட்ஸ்டருக்கான வகையில் தண்டின் உச்சியிலுள்ள குமிழைத் திருப்பினால் போதும், எதையும் கழற்ற வேண்டியதில்லை. முன்பக்கத்தை எஞ்சின் மூடியைத் திறந்தும் பின்பக்கத்தைச் சாமான் பெட்டிக்குள்ளிருந்தும் எட்டலாம். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் நான்கையும் மாற்ற ஐந்து நிமிடம் ஆகாது. ஸ்பிரிங் தாங்கும் தட்டை ஷொக்கின் உடலிலுள்ள வேறு காடிக்கு (வெட்டுப் பள்ளத்துக்கு) மாற்றி உயரத்தையும் குறைக்கலாம். ஆனால் அது படிப்படியான மாற்றம், மரையில் திருகுவது போன்ற நுண்ணிய மாற்றம் அல்ல. மூலை எடைகளை, அதாவது ஒவ்வொரு சில்லும் தாங்கும் எடையை, சரிபார்க்க விரும்புபவர் இதை வாங்குவதற்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டும்.

மூலை எடையை அளக்க விலையுயர்ந்த கருவி தேவை என்று நினைத்திருந்தேன். ஆலையின் லொறித் தராசு 10 கிலோப் படிகளில்தான் காட்டும். முன் அச்சு, பின் அச்சு என்று பிரித்துப் பார்க்க மட்டுமே அது உதவியது. நெல் மூட்டை நிறுக்கும் 300 கிலோ மேடைத் தராசுதான் கைகொடுத்தது. தராசின் உயரத்துக்குச் சமமாக மூன்று மரக்கட்டைகளை அறுத்து, ஒரு சில்லைத் தராசிலும் மற்ற மூன்றையும் கட்டைகளிலும் ஏற்றி, காரை அமுக்கி விட்டு, ஸ்பிரிங் அடங்கிய பின் எண்ணை எடுத்தோம். பிறகு தராசை அடுத்த சில்லுக்கு மாற்றினோம். தாங்கியில் பாதி எரிபொருளும், ஓட்டுநர் இருக்கையில் என் எடைக்குச் சமமாக 50 கிலோவும் 25 கிலோவுமாக இரண்டு அரிசி மூட்டைகளும் இருந்தன. ஓட்டுநர் ஒருவரே இருக்கும் காரில் இடமும் வலமும் சமமாகாது. ஆனால் மூலைவிட்டக் கூட்டுத்தொகைகள் இரண்டும் சமமாக இருந்தால் இடப்பக்கம் திரும்பினாலும் வலப்பக்கம் திரும்பினாலும் கார் ஒரே விதமாக நடக்கும். இடது முன்னும் வலது பின்னும் சேர்ந்து 50.9 சதவீதமாக இருந்தன. காடி மாற்றி இதைத் தீர்க்க வழியில்லாததால் வவுனியாவில் லேத் பட்டறையொன்றில் 4 மில்லிமீற்றர் வளையம் கடைந்து வாங்கி, வலது முன் ஸ்பிரிங்குக்கு மேல் வைத்தேன். 50.3 ஆனது. இதற்கு மேல் தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

சில்லுக் கோணம் பார்க்கும் வேலையில்தான் மனம் நொந்தது. முதலில் கொண்டுபோன இடத்தில், கணினித் திரையில் பச்சை நிறம் தெரிந்தால் வேலை முடிந்தது என்ற நிலைப்பாடு. இந்தக் காரில் நான்கு மூலைகளிலும் மையம் விலகிய போல்ட்டுகள் உள்ளன, அவற்றால் சாய்வுக் கோணத்தையும் மாற்றலாம் என்று சொன்னபோது, முன் சில்லுகளின் உள்நோக்கு அளவை (மேலிருந்து பார்க்கையில் சில்லின் முன்விளிம்பு உள்ளே திரும்பியிருக்கும் அளவை) மட்டும் சரிசெய்து அனுப்பினார்கள். அந்தப் போல்ட்டுகள் துருப்பிடித்து உள்ளே ஒட்டியிருந்தன என்பது உண்மைதான். கார் பல வருடம் கடற்கரைக் காற்றில் நின்றது. இரண்டாவது இடத்தில் இருந்த இளைஞர் மூன்று நாள் எண்ணெய் ஊறவிட்டு, வெப்பமூட்டி, ஒன்றைக்கூட முறிக்காமல் எல்லாவற்றையும் இளக்கினார். அரிசி மூட்டைகளை இருக்கையில் வைத்தபடியே அளந்தார். முன் சில்லுகள் மேற்பக்கம் உள்ளே 1.5 பாகை சாய்வு, பின் 1 பாகை. முன்பக்கம் நேர்நோக்கு, பின்பக்கம் மிகச் சிறிய உள்நோக்கு. இந்த வேலையின் பின்னர்தான் கோனி ஷொக்கின் உண்மையான குணம் தெரிந்தது.

தளத்தில் குமிழின் ஒவ்வொரு கால் சுற்றும் உணரக்கூடியது. 15 மீற்றர் இடைவெளியில் ஆறு கூம்புகளை வளைந்து கடக்கும் பகுதியில், பின் ஷொக்கைக் கால் சுற்று இறுக்கியதும் கார் மூக்கைத் திருப்புவதில் இருந்த தயக்கம் போயிற்று. இன்னொரு கால் சுற்று இறுக்கியதும் ஐந்தாம் கூம்பில் பின்பக்கம் வெளியே வீசியது. முன்பக்கத்தைத் தளர்த்தியபோதும் அதே திசையில் மாற்றம் வந்தது, ஆனால் மென்மையாக. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, காற்றழுத்தத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் 26 இறாத்தலில் தொடங்கும் டயர் பத்து மணிச் சீமெந்துச் சூட்டில் தானாகவே ஏறிவிடும். அதைக் கவனிக்காதவர் ஷொக் மாற்றத்தின் பலன் என்று தவறாக எண்ணுவார்.

வீதியில் இதே இறுக்கம் ஆகாது. ஏ9 வீதியின் காபெற்றில் எந்த அமைப்பும் நன்றாகவே போகும். ஒட்டுசுட்டான் பக்கத்து உள் கிரவல் வீதியொன்றில் அலையலையாக நெளிந்த தரையில் போனபோது, சில்லு கீழே இறங்கி முடிவதற்குள் அடுத்த மேடு வந்துவிட, கார் படிப்படியாகத் தாழ்ந்து அடிப்பகுதி தரையில் உரசியது. விரியும் திசைத் தடை மிகையானால் எந்த ஷொக்கிலும் நிகழ்வது இதுதான். நான்கு குமிழ்களையும் முழுவதும் தளர்த்தியதும் கார் பழைய இதத்துக்குத் திரும்பியது. இந்த இரட்டை வாழ்வைத்தான் நான் காசு கொடுத்து வாங்கினேன் என்று அன்றைக்கு உணர்ந்தேன்.

ஓராண்டின் பின் நான்கிலும் எண்ணெய்க் கசிவு இல்லை. செம்மண் தூசு ஷொக்கின் தண்டை அரிக்காமலிருக்க, றப்பர் உறைகளையும் புதிதாக வாங்கிப் போடுங்கள். பழையதை மீண்டும் போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம். இப்போது என் அமைப்பு, முழுத் தளர்விலிருந்து முன்பக்கம் அரைச் சுற்று, பின்பக்கம் முக்கால் சுற்று. சிறுபோக நெல் காய்ந்து தளம் ஒழிந்ததும், முன் சாய்வுத் தடுப்புக் கம்பியை (வளைவில் கார் ஒரு பக்கம் சாய்வதைக் குறைக்கும் கம்பியை) ஒரு முறை கழற்றிவிட்டு ஓடிப்பார்த்து, பின்பக்கத்துக்கு இந்த இறுக்கம் இன்னும் தேவையா என்று சோதிக்க இருக்கிறேன்.