நீலகிரியின் பழைய பொருள் தொண்டுக் கடைகள்: நுழையும் முன் மூக்கைத் தீட்டிக்கொள்ளுங்கள்

ஊட்டி, குன்னூர், வெலிங்டன், கோத்தகிரி வட்டாரத்தில் பழைய பொருளை இலவசமாக வாங்கி, குறைந்த விலைக்கு விற்று, வரும் பணத்தைத் தொண்டுக்குப் பயன்படுத்தும் கடைகளைத் தேடிப் போகிறவர்கள் பளபளப்பான ஷோரூமை எதிர்பார்க்கக் கூடாது. சர்ச் மண்டபத்தின் பக்க அறை, ஏதோ ஒரு டிரஸ்டின் முன்னறை, பள்ளி வளாகத்தில் எப்போதாவது நடக்கும் ஜம்பிள் சேல் என்ற பழைய பொருள் விற்பனை, இப்படித்தான் இருக்கும். சமவெளியில் இத்தகைய கடையை விலையை வைத்து எடை போடலாம். மலையில் முதலில் பார்க்க வேண்டியது ஈரம்.

வாசலில் நின்று ஒரு முறை மூச்சை இழுத்தாலே பாதி விமர்சனம் முடிந்துவிடும். பூஞ்சை வாடை அடித்தால் அன்றைக்குத் துணியையும் புத்தகத்தையும் தொட வேண்டாம். எவர்சில்வர், பீங்கான், கண்ணாடி மட்டும் பாருங்கள். நல்ல கடையில் அலமாரி சுவரை ஒட்டி இருக்காது, அரை அடியாவது தள்ளி நிற்கும். மூட்டைகள் சிமெண்டுத் தரையில் கிடக்காமல் பலகை மேல் இருக்கும். வந்த பொருளைப் பிரிக்கத் தனி இடம் இருக்கும். எல்லாவற்றையும் விட, கொடுக்க வருகிறவரிடம் "இது வேண்டாங்க, எடுத்துட்டுப் போயிடுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஓர் ஆள் இருப்பார். அந்த ஆள் இல்லாத கடை சீக்கிரமே குப்பைக் கிடங்கு ஆகிவிடும்.

இருப்பு எப்போது நன்றாக இருக்கும்? வெலிங்டன் ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் ஒரு தொகுதி அதிகாரிகள் படிப்பை முடித்து ஊர் மாறும் ஏப்ரலை ஒட்டிய வாரங்கள்தான் சரியான காலம். ரூம் ஹீட்டர், குழந்தைகளின் சைக்கிள், திரைச்சீலை, நல்ல ஜெர்கின் எல்லாம் அப்போது கடைக்கு வரும். உறைவிடப் பள்ளிகள் ஆண்டை முடிக்கும்போதும் இதே கதை. மழைக்காலத்தில் துணி வாங்குவதானால் எந்த ஊர், எந்த மழை என்று பார்க்க வேண்டும். கூடலூர், ஊட்டிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நனைக்கும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் கனமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜூலையில் ஊட்டிக் கடையில் நாறும் அதே துணி குன்னூரில் ஓரளவு தாங்கும். நவம்பரில் தலைகீழ்.

ஸ்வெட்டர்தான் இந்தக் கடைகளின் முதுகெலும்பு. வாங்குமுன் வெளிச்சத்துக்கு நேராக விரித்துப் பிடியுங்கள். அக்குளிலும் கழுத்து மடிப்பிலும் கடுகளவு ஓட்டைகள் தெரிந்தால் அந்துப்பூச்சியின் புழு தின்றிருக்கிறது. அது கம்பளியை, அதிலும் வியர்வை படிந்த இடத்தை, தேடித் தின்னும்; அக்ரிலிக்கை அநேகமாக விட்டுவிடும். லேபிள் போயிருந்தால் உள் தையலிலிருந்து ஒரு நூல் உருவி, கடைக்கு வெளியே வந்து தீக்குச்சி காட்டிப் பார்க்கலாம் (கடைக்காரரிடம் கேட்டுவிட்டு). முடி கருகும் வாடையும், விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலும் வந்தால் கம்பளி. உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் அக்ரிலிக்.

அக்ரிலிக் என்றதும் உதட்டைப் பிதுக்க வேண்டியதில்லை. வெயில் முகமே காட்டாத ஆடி மாதத்தில் அது கம்பளியை விடச் சீக்கிரம் காயும், துவைப்பதும் எளிது. ஆனால் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரும் வயதானவர்களுக்கு வாங்கித் தராதீர்கள். பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்குக் கம்பளிதான். விலைக்கு ஒப்பிட ஊட்டி தாவரவியல் பூங்கா அருகிலுள்ள திபெத்தியர் மார்க்கெட்டில் புது ஸ்வெட்டர் என்ன விலை என்று ஒரு நடை விசாரித்துவிட்டு வாருங்கள். பழசுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுப்பது வீண். வாங்கி வந்த கம்பளியை நேரே பீரோவில் வைக்காமல், காற்றுப் புகாதபடி கட்டி, −18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் போட்டெடுத்தால் முட்டையும் புழுவும் சாகும்.

ஜெர்கினை உள்புறம் திருப்பி உள்ளங்கையால் தேயுங்கள். பிசுபிசுத்தாலோ, வெள்ளைப் பொடி உதிர்ந்தாலோ நீர் தடுக்கும் பூச்சு செத்துவிட்டது. அதற்கு வைத்தியம் கிடையாது. ஷூவிலும் இதே வஞ்சனைதான்: மேலே புதுசு போல மின்னும், பாலியூரித்தேன் அடிப்பாகம் ஈரக் காற்றில் வேதிமாற்றம் அடைந்து உள்ளுக்குள் உளுத்திருக்கும். பெட்டியை விட்டு எடுக்காமலே வைத்திருந்த ஷூவுக்கும் இது நேரும். முன்பக்கத்தை நன்றாக வளைத்து, குதிகாலில் நகத்தால் அழுத்துங்கள். துகள் உதிர்ந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பஞ்சு ரஜாய்க்கு எங்கள் பரிந்துரை சுருக்கம்: வேண்டாம்.

குக்கர் வந்த அன்றே போய்விடும். காரணம் உண்டு. ஊட்டி இருப்பது சுமார் 2,240 மீட்டர் உயரத்தில். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகாமல் உயிரை வாங்கும். பழைய குக்கரில் பார்க்க வேண்டியவை: மூடி விளிம்பில் நெளிவு இருக்கிறதா, ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, வெயிட் போடும் குழாயின் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறதா. கேஸ்கெட்டையும் சேஃப்டி வால்வையும் எந்தக் கேள்வியும் இல்லாமல் மாற்றிவிடுங்கள். அந்த மாடலுக்கு உதிரிபாகம் கிடைக்காது என்றால் குக்கரே வேண்டாம்.

ரூம் ஹீட்டரில் முதலில் பிளக்கைப் பாருங்கள். 2,000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பெரிய பிளக்தான் சரி. யாரோ வசதிக்காக 6 ஆம்பியர் சின்ன பிளக்கை மாட்டியிருந்தால் பின்னைச் சுற்றிப் பழுப்பாகக் கருகியிருக்கும். ஒயரும் உள்ளே வெந்திருக்கும். பத்து நிமிடம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிளக் பாயிண்ட் இல்லாத கடையில் மின்சாதனம் வாங்காதீர்கள். ஹாட் வாட்டர் பேக்கைப் பழசாக வாங்கவே கூடாது. ரப்பர் பையின் கழுத்துப் பக்கம் பூப் போல ஒரு முத்திரை பல பைகளில் இருக்கும். நடுவிலுள்ள எண் தயாரித்த ஆண்டு, இதழ்கள் மாதங்கள். இரண்டு ஆண்டு தாண்டியது என்றால் கொதிநீரோடு கிழியும் ஆபத்து உண்டு. இதைக் கடையிலும் சொல்லிவிட்டு வாருங்கள், தூக்கிப் போடட்டும்.

இனி கொடுக்கிறவர்களுக்கு. கோவையிலிருந்து கார் டிக்கி நிறைய வருவதில் பெரும் பகுதி ஜிகினா சுடிதாரும் மெல்லிய ஷிஃபான் புடவையும். மலையில் அவற்றை யார் உடுத்துவது? இங்கே ஓடுவது முழுக்கை சட்டை, ஸ்வெட்டர், மங்கி குல்லா, மப்ளர், சால்வை, கம்பளி, பெரியவர்களுக்கான ரெயின்கோட். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மலைப்பகுதியில் ஸ்வெட்டரும் ரெயின்கோட்டும் திட்டத்திலேயே வருகின்றன. பள்ளி போகாத சின்னக் குழந்தைக்கும், தேயிலை எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டிலிருக்கும் பாட்டிக்கும்தான் கிடைப்பதில்லை. அந்த அளவுகளைத் தேடி எடுத்துக் கொடுங்கள்.

உள்ளாடை, தலையணை, பாதி தீர்ந்த மருந்து, பழைய ஹெல்மெட் வேண்டாம். 2018-லிருந்து படிப்படியாகப் பாடத்திட்டம் மாறிவிட்டதால் அதற்கு முந்தைய தமிழ்நாட்டுப் பாடநூல்களும் வேண்டாம். அவை பழைய பேப்பர் கடைக்குரியவை. கிழிந்த காட்டன் துணியை மட்டும் தனியாகக் கட்டி "துடைக்க" என்று எழுதிக் கொடுத்தால் ஒர்க்‌ஷாப்காரர்களிடம் போகும்.

துவைத்து, இரண்டு முழு வெயில் நாள் காயவைத்து, சூடு ஆறிய பிறகே மடியுங்கள். சமவெளியில் காய்ந்துவிட்டதாகத் தோன்றுவதில் மிச்சமிருக்கும் ஈரம், மேலே குளிரில் பிளாஸ்டிக் பைக்குள் முத்துமுத்தாக வியர்த்து, சில நாளில் கரும்புள்ளியாகும். அந்தப் புள்ளி துவைத்தாலும் போகாது. பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு நீலகிரியில் எப்படியும் தடை. அட்டைப் பெட்டி, பழைய வேட்டி, கோணிப்பை போதும். பெட்டி மேல் ஆண், பெண், குழந்தை என்றும் அளவும் எழுதுங்கள். ஷூ ஜோடியை லேஸால் முடிந்துவிடுங்கள். ஒற்றைக் காலாகப் பிரிந்துபோன ஷூக்கள்தான் பிரிக்கும் மேசையில் அதிகம். துணிகளின் பாக்கெட்டைத் துழாவிப் பார்ப்பதை மறக்க வேண்டாம், சாவி வரும், மூக்குத்தி வரும். கதவு பூட்டியிருந்தால் திண்ணையில் வைத்துவிட்டுப் போவது தானமல்ல: இரவுப் பனியில் நனைந்து, காலையில் நாய் இழுத்துப் போட்டிருக்கும். வேறு ஊர்களில் வேண்டாததை வைத்து, தேவைப்படுவோர் எடுத்துக்கொள்ளத் திறந்தவெளியில் வைக்கும் அன்புச் சுவர் யோசனையும் இதே காரணத்தால் இந்த மலைக்கு ஒத்துவராது.

கீழிருந்து சொந்த வண்டியில் வருபவர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் (இணையத்தில் முன்கூட்டியே எடுக்கும் அனுமதிச் சீட்டு) நடைமுறை வந்திருக்கிறது, கட்டணம் இல்லை. கோடை சீசன் வார இறுதியில் பெட்டியோடு மலையேறாதீர்கள். கடைக்காரர்களுக்கு இறக்கி வைக்க இடமும் இருக்காது, உங்களுக்கு வண்டி நிறுத்த இடமும் இருக்காது. ஜனவரி முதல் மார்ச் வரை, வார நாளில், போன் செய்துவிட்டுப் போவது நல்லது.

வரி விஷயம் பலரும் கேட்பது. பொருளாகக் கொடுத்ததற்கு நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு (80ஜி) கிடையாது, எவ்வளவு விலை உயர்ந்த ஓவர்கோட்டானாலும் சரி. கழிவு வேண்டுமானால் பணமாகத் தர வேண்டும். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய் வரைதான் செல்லும், அதற்கு மேல் செக் அல்லது வங்கிப் பரிமாற்றம். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அதுவும் இல்லை. ஆனால் பொருளுக்கும் ஒரு துண்டுச் சீட்டு கேட்டு வாங்குங்கள். விற்ற பணம் எதற்குப் போகிறது என்று கேட்டால் நல்ல கடையில் உடனே பதில் வரும், சுவரில் கணக்கும் ஒட்டியிருக்கும்.